ஊட்டிக் குளிரில் குதிரை ரோமம்: வெட்டுவதா, விட்டுவிடுவதா?

சென்ற அக்டோபரில் நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு பெண்குதிரையை ஊட்டிக்கு ஏற்றி வந்தார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. கண்ணாடி போல் மினுமினுக்கும் மேனி. நவம்பர் கடைசியில் போய்ப் பார்த்தேன், அடையாளமே தெரியவில்லை. தாடைக்கடியில் ஆட்டுக்கிடாய் போல் ரோமம் தொங்கியது. வயிறு மங்கிப்போய்ச் சாக்குப்பை நிறத்தில் இருந்தது. "ஏதாவது நோயா? மெஷின் போட்டு மொத்தமாக எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். நோய் இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரே பதில் கிடையாது. என் லாயத்தில் இருப்பது இரண்டு குதிரைகள்தான். ஒன்று செவலை, பந்தய வம்சம், வயது பதினொன்று. மற்றது இருபது வயதைத் தாண்டிய மட்டக்குதிரை. இந்த இரண்டுக்கும்கூட ஒரே பதில் பொருந்துவதில்லை.

முதலில் ரோமம் ஏன் வளர்கிறது என்பது. குளிர் அடித்தவுடன் வளர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். குளிருக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் கட்டளை பகல் வெளிச்சத்திடமிருந்து வருகிறது. ஜூன் மாதம் பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் உடல் குளிர்கால ரோமத்துக்கு ஆயத்தமாகிறது. டிசம்பர் 22-ஐ ஒட்டிப் பகல் மீண்டும் நீளத் தொடங்கியதும் உதிர்ப்பதற்கான ஏற்பாடு ஆரம்பமாகிவிடுகிறது. லண்டனில் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, மிக நீண்டது பதினாறரை மணி நேரம். நம் ஊட்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் இங்கே பருவம் மாறுவதை அவ்வளவு துல்லியமாகக் குதிரையின் மேல் படிக்க முடிவதில்லை. ஒரே லாயத்தில் ஒன்று கரடி போல் நிற்கும், பக்கத்தில் இன்னொன்று லேசாக மங்கியதோடு நின்றுவிடும்.

குதிரை வளர்ப்பு பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. அவற்றின் குளிர்காலம் என்பது பகலும் இரவும் ஈரம், வெயில் முகம் காட்டாத மூன்று மாதம். ஊட்டியில் ஜனவரி அப்படியில்லை. விடியற்காலையில் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதே நாள் நண்பகலில் 20 டிகிரி வெயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்போம். ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பருவம் போய் இன்னொன்று வந்துவிடுகிறது. இரவுக்குத் தேவைப்படும் ரோமம் பகலில் பாரமாகிறது. வெட்டுவதா விடுவதா என்ற குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

விட்டுவிடுவது

செலவில்லாத வழி. ஊட்டிச் சாலைகளில் திரியும் குதிரைகளைப் பாருங்கள். யாரும் பிரஷ் வைப்பதில்லை, போர்வை போடுவதில்லை, ஆனாலும் உறைபனியில் நிம்மதியாக நின்றுகொண்டே தூங்குகின்றன. ஒருமுறை தூறலில் நனைந்து வந்த என் மட்டக்குதிரையின் தோள் ரோமத்தை விரலால் வகிடு எடுத்துப் பார்த்தேன். மேலே முத்து முத்தாக நீர். நுனிகள் நனைந்து குச்சி குச்சியாகச் சேர்ந்திருந்தன. வேரில் தோல் காய்ந்து, கை வைத்தால் சுடச்சுட இருந்தது. தோலிலிருந்து சுரக்கும் எண்ணெயும், அழுக்கும், நிமிர்ந்து நிற்கும் ரோமத்துக்கிடையே சிக்கிய காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. குளிரில் நமக்கு மயிர்க்கூச்செறிவது போலத்தான் குதிரைக்கும். அதன் ரோமம் நீளமாக இருப்பதால் அந்தச் சிலிர்ப்பே ஒரு மெத்தை ஆகிவிடுகிறது.

ஆனால் இந்தக் குதிரைகள் வேலை செய்வதில்லை, வியர்ப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. தொடாமல் விடுவதில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று பேனும் உண்ணியும். குளிர்காலக் கடைசியில் பேன் அதிகமாவது வழக்கம், அடர்ந்த ரோமம் அதை மறைத்துவிடும். இரண்டாவது, மெலிவு. ரோமத்தின் பருமனைப் பார்த்துக் குதிரை தெம்பாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். கண்ணை நம்பாமல் வாரம் ஒருமுறை விலாவில் விரல்களை அழுத்தி எலும்பை எண்ணிப் பார்க்க வேண்டும். என் மட்டக்குதிரை ஒரு குளிர்காலத்தில் நன்றாக இளைத்துவிட்டது, மார்ச்சில் ரோமம் உதிர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதன் பல் தேய்ந்து, புல்லை மெல்ல முடியாமல் இருந்திருக்கிறது.

குரப்பம்

பழைய அகராதிகளில் குதிரை தேய்க்கும் கருவிக்குக் குரப்பம் என்று பெயர். அழகான சொல், ஏனோ வழக்கொழிந்துவிட்டது. அன்றைய குரப்பம் இரும்பு. இன்றைய இரும்புச் சீப்பைக் குதிரையின் மேல் நேரடியாக வைக்க வேண்டாம். பிரஷ்ஷில் சேரும் அழுக்கை வழித்தெடுக்கத்தான் அது. குதிரைமேல் போடுவதற்கு ரப்பர் பல் வைத்த வட்டச் சீப்பு போதும்.

கழுத்திலிருந்து தொடங்கி, வட்ட வட்டமாக, சதை இருக்கும் இடங்களில் மட்டும். முழங்காலுக்குக் கீழும் முதுகெலும்பின் மேலும் வேண்டாம். முதல் பத்து நிமிடம் சாம்பல் நிறப் பொடுகுதான் வரும். பிறகு முரட்டுப் பிரஷ்ஷால் ரோமம் படியும் திசையில் சுண்டிச் சுண்டி வீச வேண்டும், தூசி பறக்கும். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். கடைசியில் வைக்கோலைப் புரியாக முறுக்கி, கைக்கு அடக்கமான முடிச்சாக்கி, கழுத்திலும் தொடையிலும் தட்டித் தேய்ப்பது. இந்தியக் குதிரைக்காரர்கள் முன்கையாலேயே அழுத்தித் தேய்க்கும் வழக்கமும் உண்டு. ஒரு குதிரைக்கு அரை மணிக்குக் குறையாது. செவலைக்கு இது பிடிக்கும். மேலுதட்டை நீட்டி என் தோளைப் பதிலுக்குச் சொறியும்.

இதிலும் ஒரு நுணுக்கம். இரவில் வெளியே நிற்கும் குதிரையை மென்மயிர்ப் பிரஷ் வைத்துத் தோல்வரை சுத்தம் செய்தால் எண்ணெய்ப் பூச்சு போய்விடும். அந்தக் குதிரைக்கு மேலே ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லாயத்துக்குள் படுக்கும் குதிரைக்குத்தான் முழுத் தேய்ப்பு. பளபளப்பு வேண்டுமென்று வெளியே நிற்கும் குதிரையைத் தினமும் மெருகேற்றுபவர்கள் இரவில் அது நடுங்குவதைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் குரப்பத்துக்கு ஈடு இணை கிடையாது. உதிரும் பருவத்தில் ஒரு தேய்ப்புக்கு ஒரு கைப்பிடி ரோமம் வரும். குதிரைக்கே அரிப்பு தாங்காது. வேலிக் கம்பத்தில் உரசிப் பிடரியைக் கெடுத்துக்கொள்வதை விட நாம் தேய்த்துவிடுவது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரி எடுக்க நினைக்காதீர்கள். பிப்ரவரி இரவுகள் இன்னும் குளிர்ந்தவைதான்.

முழு வெட்டு

நீலகிரியில் இந்தப் பழக்கம் வேட்டைக்காரத் துரைமாரோடு வந்தது. வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்திய ஊட்டி வேட்டைக் கழகத்தின் குதிரைகள் மணிக்கணக்கில் ஓடி வியர்த்தவை. சவாரி முடிந்ததும் துடைத்து, போர்வை போர்த்தி, காவல் காக்க ஆளுக்கொரு குதிரைக்காரர் இருந்தார். கால் ரோமத்தையும் சேணம் படும் இடத்தையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுக்கும் வெட்டுக்கு ஆங்கிலத்தில் வேட்டைக்குதிரையின் பெயரே உண்டு. குதிரை நாள் முழுதும் ஓட வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ளவர்களுக்கு அது சரியான வெட்டு.

வியர்வை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குதிரையின் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது, சோப்பு போல் நுரைப்பது. எண்ணெய் படிந்த ரோமத்தையும் நனைத்து வியர்வையை வெளியே கடத்தி ஆவியாக்குவதற்கான ஏற்பாடு அது. கோடை ரோமத்தில் அருமையாக வேலை செய்கிறது. இரண்டு விரற்கடை ரோமத்தில் நுரை உள்ளேயே தங்கிவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு ஓடிய குதிரை ஏழு மணிக்கும் ஈரமாக இருக்கும், அதற்குள் மூடுபனி இறங்கிவிடும். வெட்டச் சொல்பவர்களின் வாதம் முழுவதும் இதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

வெட்டுவது எப்படி என்பதை விரிவாகச் சொல்லப்போவதில்லை, முதல் முறை தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சில எச்சரிக்கைகள் மட்டும். குதிரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். அழுக்கில் பிளேடு மழுங்கும். ரோமம் படியும் திசைக்கு எதிராகச் செல்ல வேண்டும். குதிரை வாங்கும்போது நம்மவர்கள் பார்க்கும் சுழிகள் இப்போது உண்மையிலேயே தொல்லை தரும். நெற்றியிலும் கழுத்திலும் விலாவின் மடிப்பிலும் சுழி வரும் இடத்தில் மெஷினைச் சுற்றிச் சுற்றித் திருப்பாவிட்டால் எலி கடித்தது போல் ஆகிவிடும். பிளேடு சூடாகிறதா என்று சில நிமிடங்களுக்கொருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சாண்டிநல்லா பக்கம் ஆட்டு ரோமம் கத்தரிப்பவரிடம் கருவி இரவல் வாங்கலாம் என்று தோன்றும், வேண்டாம். அதன் சீப்பு ஆட்டின் அடர்ந்த கம்பளிக்கானது, குதிரையின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட மீசை மயிர்களைத் தொடவே கூடாது. இருட்டில் தீவனத் தொட்டியின் விளிம்பை உணர்வது அவற்றால்தான். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் அவற்றை வெட்டிய குதிரைகளைப் போட்டியில் அனுமதிப்பதில்லை.

சத்தம் இன்னொரு விஷயம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். மெஷின் என்றால் லாயத்தின் மறுகோடிக்கே போய்விடும். ஒரு வாரம் தினமும் கொள்ளு கொடுக்கும் நேரத்தில் மெஷினைத் தூரத்தில் ஓடவிட்டுப் பழக்கினேன். எட்டாம் நாள்தான் தோளில் வைக்க விட்டது.

இப்போது என் தவறு. நான்கு ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் செவலைக்கு முழு வெட்டுப் போட்டேன். பார்க்க வெல்வெட் போல் இருந்தது. இரண்டு நாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் இரவு போர்வையின் மார்புக் கொக்கி கழன்றுவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் போர்வை வயிற்றுக்கடியில் சுருண்டு கிடக்கிறது, குதிரை மூலையில் வாலை ஒடுக்கிக்கொண்டு நடுங்குகிறது. வைக்கோலால் தேய்த்து, புல் போட்டு, நடக்கவிட்டு நடுக்கம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. முழு வெட்டுப் போட்டவர் வெட்டியது ரோமத்தை மட்டுமில்லை, தன் தூக்கத்தையும் சேர்த்துத்தான். இரவில் கனத்த போர்வை, வெயில் ஏறியதும் கழற்றி மெல்லியது, மாலையில் மீண்டும் கனத்தது. மார்ச் வரை ஒரு நாள் விடாமல். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால் இன்னொரு வெட்டும் வேண்டியிருக்கும். ஜனவரி முடிந்த பிறகு வெட்டினால் கோடை ரோமத்தின் நுனியும் சேர்ந்து போய், ஆண்டு முழுவதும் மேனி மங்கலாகத் தெரியும்.

பாதி வெட்டு

கழுத்தின் அடிப்பக்கம், மார்பு, வயிறு, விலாவின் கீழ்ப்பகுதி, இவற்றை மட்டும் எடுப்பது. முதுகும் இடுப்பும் கால்களும் ரோமத்தோடு இருக்கும். வியர்வை முதலில் பெருகுவது கழுத்திலும் மார்பிலும் என்பதால் கால்வாசி வெட்டிலேயே பெரும்பகுதி பலன் வந்துவிடுகிறது. மழையும் பனியும் விழுவது முதுகில், அங்கே கூரை அப்படியே இருக்கிறது. போர்வை ஒருநாள் நழுவினாலும் உயிர் போகாது. வாரத்தில் மூன்று நான்கு நாள் சவாரி செய்யும் குதிரைக்கு, குறிப்பாக வெயிலே இல்லாத அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில், இதைத்தான் சொல்வேன். கோட்டைச் சாக்பீஸால் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே உயரமா என்று முன்னால் நின்று பாருங்கள்; குதிரை ஒரு காலைத் தளர்த்தி நின்றால் கோடு தப்பும்.

நேரத்தை மாற்றுவது

நான் இப்போது செய்வது இது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செவலையைக் காலை பத்து மணிக்கு மேல்தான் ஓட்டுகிறேன். பதினொன்றரைக்கு இறங்கி, வியர்வையை வழித்து, வைக்கோல் புரியால் தேய்த்து வெயிலில் நிறுத்தினால் ஒன்றரை மணிக்குள் வேர்வரை காய்ந்துவிடுகிறது. அதன் மேல் குரப்பம் போட்டால் காய்ந்த உப்பு தூளாக உதிர்கிறது. இரவில் தன் ரோமத்தோடு, போர்வை இல்லாமல் படுக்கிறது. புத்தகம் எழுதிய இங்கிலாந்துக்காரர்களிடம் இல்லாத ஒரு உலர்த்தி நம்மிடம் இருக்கிறது. காசு கொடுக்காமலே தினமும் கிழக்கில் ஏறி வருகிறது. அதைப் பயன்படுத்தாமல் புத்தகத்தில் இருக்கிறதே என்று மெஷினை எடுப்பது எனக்கு இப்போது வேடிக்கையாகப் படுகிறது. மாலையில் மட்டுமே நேரம் உள்ளவருக்கு இது உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போர்வை, குளியல், சேறு

வெட்டாத குதிரைக்குப் போர்வை போடுவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மெல்லிய போர்வை நிமிர்ந்த ரோமத்தை அழுத்திப் படுக்கவைத்துவிடுகிறது. உள்ளிருந்த காற்று போய்விடும். கிழடு, நோயாளி, மெலிந்தது, சமவெளியிலிருந்து புதிதாக வந்தது, இவற்றுக்குப் போடலாம், கனமாகப் போட வேண்டும், தினமும் கழற்றித் தோளில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரக் குதிரையின் மேல் தார்ப்பாய் போடுவது மட்டும் கூடவே கூடாது. இட்லிப் பாத்திரத்தில் மூடி போட்டது போல் வெந்துவிடும். முதுகில் வைக்கோலை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி அதன்மேல் சணல் சாக்கைப் போர்த்திக் கட்டினால் காற்றும் போகும், சூடும் நிற்கும், ஒரு மணி நேரத்தில் ஈரம் சாக்குக்கு ஏறிவிடும்.

உள்ளிருந்து சூடு தர நம்மூரில் கொள்ளை நம்புவார்கள். கொள்ளு நல்ல தீவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் குதிரையின் அடுப்பு பின்குடலில் இருக்கிறது. அங்கே எரியும் விறகு நார். இரவு நீள நீளப் புல்லைக் கூட்டுங்கள், கொள்ளை அப்படியே விடுங்கள்.

குளியல் நவம்பரிலிருந்து கிடையாது. கறை இருந்தால் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டால் துடைத்தால் போதும்.

கால் சேற்றை உடனே கழுவுவதா, காயவிட்டு உதிர்ப்பதா என்பதில் லாயத்துக்கு லாயம் சண்டை உண்டு. நான் காயவிடும் கட்சி. தினமும் கழுவி ஈரத்தோடு விட்டால் தோல் ஊறி, கணுக்காலின் பின்னால் வெடித்து, டெர்மட்டோஃபிலஸ் என்ற நுண்ணுயிர் புகுந்து பொருக்குத் தட்டும். முதுகில் மழை ஊறினாலும் இதே பொருக்கு வரும். பிய்த்தால் ரோமம் கொத்தாக, பிரஷ் முனை போல் கழன்று வரும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்திவிடுங்கள். கணுக்கால் ரோமத்தை மழைக்காலத்தில் வெட்டாதீர்கள். நீர் வடிந்து விழுவதற்கான தாழ்வாரம் அது.

செயற்கை வெளிச்சம் என்றொரு வழியும் இருக்கிறது. லாயத்தில் விளக்குப் போட்டுப் பகலைப் 16 மணி நேரமாக நீட்டினால் குளிர்கால ரோமம் குறையும். இனப்பெருக்கப் பண்ணைகளில் பெண்குதிரைகளைச் சீக்கிரம் பருவத்துக்குக் கொண்டுவர இதையே செய்கிறார்கள். கண்காட்சிக்குப் போகும் குதிரைக்கு இருக்கலாம். உறைபனியில் படுக்கும் குதிரையின் சட்டையைப் பறிக்க மின்கட்டணம் கட்டுவானேன்?

என் கிழட்டு மட்டக்குதிரைக்கு இவை எதுவுமே பொருந்தவில்லை. சென்ற ஆண்டு ஏப்ரல் வந்தும் ரோமம் உதிரவில்லை. வயிற்றில் சுருள் சுருளாகத் தொங்கியது, நிற்கும்போதே வியர்த்தது, அடிக்கடி தண்ணீர் குடித்தது. வயதான குதிரையிடம் இப்படிக் கண்டால் தேய்த்துப் பயனில்லை, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு, குஷிங் நோய் என்பார்கள். ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து உறுதி செய்தார்கள். மாத்திரை கொடுக்கிறேன். குளிர்காலத்தில் மெஷினே தொடாத அந்தக் குதிரைக்கு மே மாதம் முழு வெட்டுப் போட்டேன். பாதி வேலையில் கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

நண்பரின் குதிரைக்கு வருவோம். மலைக்கு வந்து முதல் குளிர், தானாக வளர்ந்த ரோமத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் அலுவலகம் போகிறவர், மாலை ஐந்து மணிக்குத்தான் ஏறுவார், நேரத்தை மாற்றச் சொல்ல முடியாது. கழுத்தடியும் மார்பும் மட்டும் எடுக்கலாம், வயிற்றைத் தொட வேண்டாம், இரவில் ஒரு கம்பளிப் போர்வை என்று முடிவானது. டிசம்பர் முதல் ஞாயிறு வெட்டினோம். சாக்பீஸ் கோடு போட்டவர் அவர், மெஷின் பிடித்தவன் நான். இடப்பக்கம் கோடு இரண்டு விரல் மேலே ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய வலப்பக்கத்தையும் ஏற்றலாம் என்றார் நண்பர். மெஷினைப் பிடுங்கி ஒயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.